பழைய கார்னி கெக் நான்கு, கூடவே ஒரு பெரிய பீப்பாய்: வாங்கலாமா?

எடிசன் கதிர் (நியூ ஜெர்சி) எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் பீர் காய்ச்சுகிறேன், ஒரு ஈடு என்பது 5 கேலன். காய்ச்சுவதில் சலிப்பே இல்லை, பாட்டிலில் அடைப்பதுதான் பாடாய்ப் படுத்துகிறது. ஒவ்வொரு முறையும் ஐம்பது பாட்டிலுக்கு மேல் கழுவி, சர்க்கரை அளந்து போட்டு, மூடி அடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் கெக்குக்கு, அதாவது பீரைக் கேஸ் அழுத்தத்தோடு மொத்தமாக அடைத்து வைக்கிற எவர்சில்வர் உருளைக்கு, மாறலாம் என்று இருக்கிறேன்.

பக்கத்து ஊரில் ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு மாநிலத்துக்குப் போகிறார். அவரிடம் கார்னி (கார்னீலியஸ் என்பதன் சுருக்கம்) எனப்படும் 5 கேலன் கெக் நான்கு இருக்கிறது, ஒன்று 45 டாலர். மூன்று ஒரே மாதிரி. நான்காவது மட்டும் கொஞ்சம் குட்டை, கொஞ்சம் பருமன். 5 பவுண்டு கேஸ் (கரியமில வாயு) சிலிண்டரும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் சேர்த்து 60 சொல்கிறார். அப்புறம் பார்களில் வைத்திருப்பார்களே, அந்தப் பெரிய எவர்சில்வர் பீப்பாய் ஒன்று, 30 டாலருக்கு. அதில் ஒரு புரூவரியின் (பீர் ஆலையின்) பெயர் பொறித்திருக்கிறது. மேலே வட்டமாக வெட்டி எடுத்தால் காய்ச்சுகிற அண்டாவாகிவிடும் என்கிறார்.

சனிக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது, எதை விட்டுவிடுவது?

பீப்பாய் பாண்டி (மிச்சிகன்) எழுதியது:

கதிர், நல்ல வாய்ப்பு. ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த நான்கு கெக். இவை பீருக்காகச் செய்யப்பட்டவை இல்லை. பெப்சி, கோக் கம்பெனிகள் உணவகங்களுக்குச் சர்பத் அனுப்பிய டப்பாக்கள். அட்டைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் சர்பத் அனுப்பும் முறை வந்த பிறகு இவை மொத்தமாக ஒதுக்கப்பட்டன, வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் கைக்கு வந்து சேர்ந்தன. 5 கேலன் கொள்ளளவு நம் ஒரு ஈட்டுக்கு அப்படியே பொருந்தியது. ஒரு காலத்தில் கொள்ளை மலிவு. இப்போது அந்தக் கையிருப்பு வற்றிக்கொண்டே வருவதால் விலை ஏறிவிட்டது. 45 என்பது நியாயமான விலைதான்.

குழாய் மாட்டுகிற முறையில் இவை இரண்டு வகை. பெப்சி வழி வந்தது பால் லாக் (ball lock). கோக் வழி வந்தது பின் லாக் (pin lock). உங்கள் மூன்றும் பால் லாக், அந்தக் குட்டைப் பயல் பின் லாக் என்று நினைக்கிறேன். போஸ்ட்டை, அதாவது குழாய் மாட்டுவதற்காகக் கெக்கின் மேலே நிற்கிற இரண்டு முனைகளை, பாருங்கள். பக்கவாட்டில் சின்ன முளைகள் நீட்டிக்கொண்டிருந்தால் பின் லாக். அதில் கேஸ் போகிற பக்கம் இரண்டு முளை, பீர் வருகிற பக்கம் மூன்று. மாற்றிச் செருக முடியாது. பால் லாக்கில் முளை இருக்காது. கேஸ் பக்கத்துப் போஸ்ட்டின் அடியில் அறுகோண விளிம்பில் வெட்டுக் கோடுகள் இருக்கும், பீர் பக்கம் வழவழவென்று இருக்கும். அதைப் பார்க்காமல் கனெக்டரை அழுத்தித் திணித்தால் மாட்டிக்கொண்டு வராது.

இங்கே பலரும் ரப்பரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ரப்பர் காய்ந்திருக்கிறது, வெடித்திருக்கிறது என்று பேரம் பேசுகிறார்கள். ரப்பரை விடுங்கள், அதை எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள். ஒரு கெக்குக்கு ஐந்து ஓ-ரிங்: மூடிக்குப் பெரியது ஒன்று, போஸ்ட் இரண்டுக்கும் ஒவ்வொன்று, உள்ளே போகிற குழாய் இரண்டுக்கும் ஒவ்வொன்று. மொத்த செட்டும் சில டாலர்தான். மாற்ற முடியாதவை நான்கு: உட்சுவர், மூடி உட்காரும் வாயின் விளிம்பு, போஸ்ட் ஏறுகிற மரை, அடிப்பாகம். காசு இவற்றுக்குத்தான்.

ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். மூடியைத் திறக்கும் முன் அதிலிருக்கும் வளையத்தை இழுத்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள். உஸ்ஸென்று காற்று வந்தால் சந்தோஷப்படுங்கள், அந்தக் கெக் இத்தனை நாள் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பிறகு உள்ளே பாருங்கள். பழுப்புக் கறை பிரச்சினை இல்லை, பெரும்பாலும் காய்ந்த சர்பத்தாக இருக்கும். விரல் நகம் மாட்டுகிற மாதிரி ஊசிக்குழிகள் இருந்தால் வேண்டாம். வெல்டிங் கோடு வழியாகத் துரு இறங்கியிருந்தாலும் யோசியுங்கள். பக்கவாட்டில் சின்ன ஒடுக்கு இருந்தால் பரவாயில்லை. வாயின் விளிம்பு வளைந்திருந்தால் எந்த ரிங் போட்டாலும் கசியும்.

மேலே பொறித்திருப்பதையும் படித்துப் பாருங்கள். கார்னீலியஸ், ஃபயர்ஸ்டோன், ஸ்பார்ட்டன்பர்க், ஜான் வுட் என்று பெயரும், பெரும்பாலும் 130 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) என்ற உச்ச அழுத்தமும் இருக்கும். நாம் வைப்பது பத்துப் பன்னிரண்டு, மிஞ்சிப் போனால் முப்பது. அதனால் பலத்தைப் பற்றிக் கவலை இல்லை. பெயர் தெரிவது எதற்கென்றால், போஸ்ட்டுக்கும் அதற்குள் இருக்கும் சின்ன வால்வான பாப்பெட்டுக்கும் உதிரி வாங்கும்போது கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். ஒன்றில் 19/32 அங்குல மரை, இன்னொன்றில் 9/16. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது. தவறான போஸ்ட்டை ஸ்பானர் போட்டு முறுக்கினால் மரை போய்விடும், கெக்கும் போய்விடும். மூன்றையும் ஒரே நேரத்தில் கழற்றி ஒரே வாளியில் போடாதீர்கள். ஒரு கெக்கைக் கழற்றி, கழுவி, மாட்டிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

ஸ்கார்பரோ சிவா எழுதியது:

பாண்டி அண்ணை சொன்னதெல்லாம் சரி. நான் அந்தப் பெரிய பீப்பாயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தம்பி, அதைத் தொடாதையுங்கோ.

பெயர் பொறித்த பீப்பாய் அந்தப் புரூவரியின் சொத்து. பாருக்கு விற்றது உள்ளே இருந்த பீரைத்தான். பீப்பாய் திரும்பி வர வேண்டும். ஒவ்வொன்றும் நூறு டாலருக்கு மேல் போட்டு வாங்கியது. பெரிய கம்பெனி தாங்கிக்கொள்ளும். ஐந்தாறு பேர் சேர்ந்து கடன் எடுத்து நடத்துகிற சின்னப் புரூவரிக்கு இருபது பீப்பாய் காணாமல் போனால் அடுத்த ஈட்டை நிரப்ப ஏனம் இல்லை. நாங்கள் எல்லாரும் அந்த ஆட்களின் பீரைக் குடித்துத்தான் இந்தக் கலையைக் கற்றோம்.

எடிசன் கதிர் எழுதியது:

> பெயர் பொறித்த பீப்பாய் அந்தப் புரூவரியின் சொத்து.

அவரிடம் கேட்டேன் அண்ணா. ஒரு கல்யாண விருந்துக்கு எடுத்தது, டெபாசிட் கட்டியிருக்கிறேன், திருப்பிக் கொடுக்கவில்லை, அதனால் என்னுடையதுதான் என்கிறார். டெபாசிட் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டால் பீப்பாய் நம்முடையது ஆகாதா?

ஸ்கார்பரோ சிவா எழுதியது:

ஆகாது. டெபாசிட் என்பது திருப்பித் தருவதற்கான பிணைப்பணம், விலை இல்லை. முப்பதோ ஐம்பதோ கட்டிவிட்டு நூற்றுக்கு மேல் பெறுமதியான பொருளை வைத்துக்கொள்ள முடியுமென்றால் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். அமெரிக்காவில் சில மாநிலங்களில் பெயர் பொறித்த பீப்பாயைப் பழைய இரும்புக் கடைக்காரர் வாங்குவதற்கே சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது, அவ்வளவு களவு போகிறது. அவர் அதைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் டெபாசிட்டாவது கிடைக்கும். அதைச் சொல்லுங்கோ, அவருக்கும் நல்லது.

அண்டா வேண்டுமென்றால் புதுசாகவே வாங்கலாம். 10 கேலன் எவர்சில்வர் அண்டா ஒன்றும் கிடைக்காத பொருள் இல்லை. பீப்பாயே வேண்டுமென்றால் சில புரூவரிகள் அடிபட்ட பீப்பாயை ரசீதோடு விற்கின்றன. கேட்டுப் பாருங்கோ.

பீப்பாய் பாண்டி எழுதியது:

சிவா சொன்ன நியாயத்தோடு உயிர் ஆபத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பீப்பாயின் நடுவில் ஒரு நீளக் குழாய் அடிவரை போகிறது, மேலே ஒரு வளையம் அதைப் பிடித்திருக்கிறது. உள்ளே அழுத்தம் இருக்கும்போது அந்த வளையத்தை நெம்பி எடுத்தால் குழாய் அப்படியே மேலே பாயும். குனிந்து பார்ப்பவரின் முகம் அங்கேதான் இருக்கும். காலியாகத் தெரிகிற பீப்பாயிலும் அழுத்தம் மிச்சம் இருக்கும். அழுத்தத்தை முழுக்க இறக்காமல் அதில் உலோகம் வெட்டுகிற கிரைண்டரை வைப்பதும் அதே அளவு ஆபத்து.

கார்னி கெக்கின் மூடி வேறு மாதிரி. முட்டை வடிவ மூடி உள்ளேயிருந்து வாயை அடைக்கிறது, அதனால் அழுத்தம் இருக்கிறவரை அது திறக்காது. ஆனால் போஸ்ட்டை முறுக்கிக் கழற்றுவதை எந்த மூடியும் தடுக்காது. அழுத்தம் இருக்கும்போது கழற்றினால் அதுவும் பறக்கும். பின் லாக் மூடிகள் பலவற்றில் இழுக்கிற வளையம் கிடையாது. அப்படி இருந்தால் கேஸ் பக்கத்துப் போஸ்ட்டின் நடுவிலிருக்கும் ஊசியை, மேலே ஒரு துணியைப் போட்டு, ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் காற்றை விடுங்கள். சத்தம் அடங்கிய பிறகும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

கம்ப்ரசர் காற்றை எந்தக் கெக்கிலும் நேரடியாகச் செலுத்த வேண்டாம். 2012 ஏப்ரலில் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு புரூவரியில் பிளாஸ்டிக் கெக்கைக் கழுவும்போது அது வெடித்து ஓர் இளைஞர் இறந்துபோனார். கெக்குக்குள் போகிற எதுவும் ரெகுலேட்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

தெற்குக்கடல் செல்வி (மெல்போர்ன்) எழுதியது:

எல்லோரும் பழசை எப்படி வாங்குவது என்றே பேசுகிறீர்கள். பழசு வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

நான் இங்கே புதிய 19 லிட்டர் (உங்கள் 5 கேலன்தான்) கெக்குகள்தான் வைத்திருக்கிறேன். சீனாவில் செய்தவை, இத்தாலியில் செய்தவை என்று இரண்டும் கிடைக்கின்றன. என் வேலையே எவர்சில்வர் குழாய்களின் வெல்டிங்கைச் சோதிப்பது. பழைய கெக்கின் வெல்டிங்கை வெளியிலிருந்து பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அதில் முப்பது வருடமாக என்ன ஊற்றினார்கள், எதைப் போட்டுக் கழுவினார்கள் என்று யாருக்கும் தெரியாது. பீர் ருசியில் ஒரு கோளாறு வந்தால் ஈஸ்ட்டா, தண்ணீரா, கெக்கா என்று தேடிக்கொண்டு திரிய வேண்டும். புதுசு என்றால் அந்தச் சந்தேகத்தில் ஒன்று குறையும். புதிதாகத் தொடங்குகிற ஒருவருக்கு அது பெரிய விஷயம்.

பீப்பாய் பாண்டி எழுதியது:

செல்வி, கணக்கைப் பார்ப்போம். இங்கே புதுசு 110 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழசு 45, ஓ-ரிங் செட் 5, தேவைப்பட்டால் பாப்பெட் இரண்டு 10, மூடியின் வால்வு 8. மொத்தம் 68. மூன்று கெக்குக்கு 126 டாலர் மிச்சம். கதிருக்கு இன்னும் குழாய், கனெக்டர், பீர் பிடிக்கிற குழாய்முனை எல்லாம் வாங்க வேண்டும். அந்த மிச்சம் அதில் போகும்.

பழசில் தகடு கனமாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். என் வீட்டில் இருப்பவை எத்தனையோ பேர் கைமாறி வந்தவை, இன்றும் சொட்டுக் கசிவு இல்லை.

தெற்குக்கடல் செல்வி எழுதியது:

கணக்கு சரி, ஆனால் அதில் உங்கள் நேரத்தைச் சேர்க்கவில்லை. ஒரு கெக்கைக் கழற்றி, ஊறவைத்து, தேய்த்து, மாட்டி, சோதித்து முடிக்க ஒரு வார இறுதி போய்விடும். அந்த வேலை பிடித்தவருக்குப் பழசு. பிடிக்காதவர் அதை அரைகுறையாகச் செய்வார், பீரைக் கெடுத்துக்கொள்வார். இதில் நான் மாறப் போவதில்லை.

ஆனால் கதிர் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், கழுவுவதைப் பற்றி என் பங்குக்குச் சொல்லிவிடுகிறேன். எவர்சில்வரைக் கெடுப்பது வயது இல்லை, கழுவுகிற பொருள்தான்.

ப்ளீச் வேண்டவே வேண்டாம். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேல் இருக்கும் மிக மெல்லிய குரோமிய ஆக்சைடு படலம். குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கும். பாண்டி சொன்ன ஊசிக்குழிகள் வருவது அப்படித்தான். ஒரு ராத்திரி ப்ளீச் தண்ணீரில் ஊறவைத்தாலே நல்ல கெக் பாழாகிவிடக்கூடும். உப்புத் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும்.

பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் கூடாது. அதிலிருந்து உதிர்கிற இரும்புத் துகள் எவர்சில்வரில் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும், பார்ப்பவர்கள் கெக்கே துருப்பிடித்துவிட்டது என்று நினைப்பார்கள். மெல்லிய துணியோ ஸ்பாஞ்சோ போதும்.

சோடியம் பெர்கார்பனேட், அல்லது பீர் காய்ச்சுகிறவர்கள் பயன்படுத்தும் பிபிடபிள்யூ பவுடர், இரண்டில் ஒன்றை 60 டிகிரி செல்சியஸ் சூட்டுத் தண்ணீரில் கரைத்துக் கெக் நிறைய ஊற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். சர்பத் கறை கழன்று வந்துவிடும். குழாய்க்குள் தேய்க்க நீளமான சின்ன பிரஷ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பலரும் மறப்பது அந்தக் குழாயைத்தான். அதற்குள் காய்ந்த பாகு இருந்தால் ஒவ்வொரு ஈட்டிலும் கிருமி தொற்றும். துருப் புள்ளி இருந்தால் ஆக்ஸாலிக் அமிலம் கலந்த பாத்திரப் பவுடரைத் துணியில் தொட்டுத் தேய்த்து, நன்றாக அலசி, காற்றில் உலரவிடுங்கள். படலம் தானாகத் திரும்ப உருவாகும்.

கடைசியில் ஸ்டார் சான் என்ற கிருமிநீக்கி. 19 லிட்டருக்கு 30 மில்லி. இரண்டு நிமிடம் எல்லா இடமும் நனைந்திருந்தால் போதும். நுரை மிச்சம் இருந்தால் பயப்பட வேண்டாம், அதன் மேலேயே பீரை ஊற்றலாம்.

கோவை தினேஷ் எழுதியது:

நல்ல இழை. நான் கோவையில் இருக்கிறேன். இங்கே இப்படி ஒரு கெக் கிடைத்தால் வீட்டில் பீர் செய்து பார்க்கலாமா?

பீப்பாய் பாண்டி எழுதியது:

வேண்டாம் தம்பி. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்காகக் கொஞ்சம் என்று சொல்லித் தப்ப முடியாது. அமெரிக்காவிலேயே 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு மத்திய அரசின் வரிவிலக்கு வந்தது. ஒரு வீட்டில் வயது வந்தவர் ஒருவர் என்றால் வருடத்துக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ என்றால் 200. விற்கக் கூடாது. அலபாமா, மிசிசிப்பி மாநிலங்கள் 2013 வரை அனுமதிக்கவில்லை. ஆக எங்கே இருக்கிறோமோ அந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

கெக் கிடைத்தால் சோடா போடலாமே. குளிர்ந்த தண்ணீரை நிரப்பி 30 பிஎஸ்ஐ வைத்து இரண்டு மூன்று நாள் ஃபிரிட்ஜில் விட்டால் சுள்ளென்று சோடா வரும். பன்னீரையும் நன்னாரியையும் கெக்குக்குள் ஊற்றாமல் தம்ளரில் கலந்துகொள்ளுங்கள். அந்த வாசனை ரப்பரில் ஏறினால் இறங்காது. இங்கே ரூட் பீர் (பீர் இல்லை, ஒரு குளிர்பானம்) இருந்த கெக்குகளைத் திறந்தால் ஐயோடெக்ஸ் டப்பாவைத் திறந்த மாதிரி மணக்கும். இரண்டிலும் இருக்கிற மூலப்பொருள் ஒன்றுதான். எவ்வளவு ஊறவைத்தாலும் பழைய ரிங்கிலிருந்து அது போகாது, மாற்றத்தான் வேண்டும். சிலிண்டரில் உணவுத் தரக் கேஸ்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

சிங்கை அருள் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து ஒரு தகவல். இங்கே சொந்தப் பயனுக்காக ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் காய்ச்சலாம், 18 வயது ஆகியிருக்க வேண்டும். எனக்கு 19 லிட்டர் கெக் ஒன்று மாதத்துக்குச் சரியாக இருக்கிறது. வீட்டில் இடம்தான் பிரச்சினை. அதனால் நான் வேண்டுமென்றே பின் லாக் தேடி வாங்கினேன். உயரம் 22 அங்குலம்தான். பால் லாக் அதைவிட இரண்டு மூன்று அங்குலம் உயரம், என் சின்ன ஃபிரிட்ஜில் நிற்காது. கதிர், அந்தக் குட்டையை உடனே ஒதுக்கிவிட வேண்டாம். முதலில் உங்கள் ஃபிரிட்ஜை அளந்து பாருங்கள்.

பீப்பாய் பாண்டி எழுதியது:

அருள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் வீட்டில் இரண்டு வகை வைத்தால் இரண்டு வகைக் கனெக்டர், இரண்டு வகை உதிரி. பால் லாக் போஸ்ட் வாங்கி பின் லாக் கெக்கில் பொருத்தலாம், மரை சரியாக இருந்தால். அந்தச் செலவையும் கூட்டினால் 45 மலிவாக இருக்காது. பின் லாக் போஸ்ட்டைக் கழற்றவும் முளைகளுக்கு இடம்விட்டு வெட்டிய தனி பாக்ஸ் ஸ்பானர் வேண்டும்.

சிலிண்டரைப் பற்றி யாரும் பேசவில்லை. கதிர், அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கழுத்துப் பக்கம் மாதமும் வருடமும் பொறித்திருக்கும், கடைசியாக அழுத்தச் சோதனை செய்த தேதி. அமெரிக்காவில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். தேதி தாண்டியிருந்தால் நிரப்பித் தர மாட்டார்கள். உள்ளே கேஸ் திரவமாக இருக்கிறது, 70 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 850 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தம். தேதி போயிருந்தால் பழசை வாங்கிக்கொண்டு நிரப்பிய வேறொன்றைத் தருகிற கடை இருக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள். சில கடைகள் தேதி போனதையும் எடுத்துக்கொள்ளும். காரில் கொண்டுவரும்போது உருளாமல் கட்டி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். வீட்டிலும் காற்றோட்டம் இல்லாத சின்ன அறையில் வைக்க வேண்டாம். கரியமில வாயு கசிந்தால் கீழே தங்கும்.

எடிசன் கதிர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. போய் வந்தேன்.

மூன்று பால் லாக் கெக்கும் வாங்கிவிட்டேன். இரண்டில் வளையத்தை இழுத்ததும் காற்று வந்தது, ஒன்றில் வரவில்லை. அதைக் காட்டிக் கேட்டதும் மூன்றையும் சேர்த்து 120-க்குக் கொடுத்தார். குட்டையை விட்டுவிட்டேன். சிலிண்டரின் தேதி தாண்டியிருந்தது. ஆனால் எங்கள் ஊர் வெல்டிங் கேஸ் கடையில் மாற்றித் தருவதாகச் சொன்னதால் எடுத்துக்கொண்டேன். பீப்பாய் விஷயத்தில் சிவா அண்ணா சொன்னதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கடையில் திருப்பித் தருகிறேன் என்றார்.

கழுவி, ரிங் எல்லாம் மாற்றி, 30 பிஎஸ்ஐ ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். இரண்டு கெக் சுத்தமாக நிற்கின்றன. காற்று வராத அந்த மூன்றாவதில் மூடியைச் சுற்றி ஒரு மூலையில் சின்னச் சின்னக் குமிழ் வருகிறது. போஸ்ட்டுகளில் ஒன்றுமில்லை.

தெற்குக்கடல் செல்வி எழுதியது:

குமிழ் ஒரே இடத்தில்தான் வருகிறதா? அழுத்தத்தை இறக்கி, மூடியை எடுத்து, முன்பின்னாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். குமிழ் மூடியோடு சேர்ந்து நகர்ந்தால் மூடியிலோ ரிங்கிலோ கோளாறு. அதே இடத்தில் நின்றால் வாயின் விளிம்பில் கோளாறு. விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், பழைய பாகு மெல்லிய ஏடாகக் காய்ந்திருக்கும். அதைத் தேய்த்து எடுத்தாலே பாதிக் கசிவு நிற்கும்.

ஸ்கார்பரோ சிவா எழுதியது:

உணவுத் தர சிலிக்கோன் கிரீஸைப் பெரிய ரிங்கில் பூசுங்கோ, மெல்லிசாக. வாஸ்லின் வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும், பீரின் நுரையையும் கெடுக்கும். மூடியைப் போடும்போது முதலில் 30 பிஎஸ்ஐ கொடுத்து ரிங் நன்றாக உட்கார்ந்த பிறகு அழுத்தத்தைக் குறையுங்கோ. பழைய கெக் கனபேருக்கு 10 பிஎஸ்ஐயில் கசியும், முப்பதில் கசியாது. அதுக்கும் நிற்காவிட்டால் தடித்த, மென்மையான சிலிக்கோன் ரிங் தனியாக விற்கிறது. மூடியை இறுக்குகிற கைப்பிடியின் இரண்டு காலிலும் இருக்கிற ரப்பர் உறை தேய்ந்திருந்தாலும் மூடி இறுக்கமாக நிற்காது, அதையும் பாருங்கோ.

எடிசன் கதிர் எழுதியது:

விளிம்பில் பாகுதான் செல்வி அக்கா! கண்ணுக்குத் தெரியவே இல்லை, நகத்தில்தான் தட்டுப்பட்டது. தேய்த்து எடுத்து கிரீஸ் பூசிப் போட்டேன். கேஸைக் கழற்றிவிட்டு ஒரு நாள் வைத்திருந்து வளையத்தை இழுத்தேன், மற்ற இரண்டைப் போலவே பலமாக வந்தது.

முதல் ஈட்டை நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. எவ்வளவு அழுத்தம், எத்தனை நாள்? ஊற்றும்போது பாதி தம்ளருக்கு நுரைதான் வரும் என்று பயமுறுத்துகிறார்களே, அதற்கு என்ன செய்வது?

பீப்பாய் பாண்டி எழுதியது:

நிரப்பும் முன் கெக்கில் இருந்த காற்றை விரட்டினீர்களா? இனிமேல் இப்படிச் செய்யுங்கள்: கெக் நிறைய ஸ்டார் சான் தண்ணீரை ஊற்றி, கேஸால் தள்ளி வெளியேற்றிவிட்டால் உள்ளே ஆக்சிஜனே கிட்டத்தட்ட இருக்காது. அந்தத் தண்ணீரை அடுத்த கெக்குக்குள் தள்ளலாம், வீண் ஆகாது. இந்த முறை மூடிய பிறகு கேஸை ஏற்றி வளையத்தை இழுத்துவிடுவதைச் சில தடவை செய்யுங்கள். ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தருகிற பூ) அதிகம் போட்ட பீர் என்றால் இது ரொம்ப முக்கியம். ஆக்சிஜன் பட்டால் நிறம் கறுத்து வாசனை மங்கிவிடும்.

அழுத்தம்: ஃபிரிட்ஜ் 38 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் 12 பிஎஸ்ஐ. அப்படியே ஒரு வாரம், பத்து நாள் விடுங்கள். பீரின் கொள்ளளவைப்போல் இரண்டரை மடங்கு கேஸ் கரைந்திருக்கும், சாதாரண ஏல் வகைக்கு அது சரியான அளவு. கெக்கை உருட்டிக் குலுக்கி ஒரே நாளில் ஏற்றுகிற முறையும் உண்டு. ஆனால் அதில் அளவு தப்புவது சுலபம், அதிகமாக ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு.

நுரைக்குக் காரணம் பெரும்பாலும் குழாய் நீளம்தான். 3/16 அங்குலக் குழாய் என்றால் 12 பிஎஸ்ஐக்குப் பத்தடி வைத்துத் தொடங்குங்கள். கடையில் செட்டோடு ஐந்தடிதான் தருவார்கள், அது போதாது. நீளமான குழாயின் உரசலில் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து பீர் மெதுவாக வெளிவரும். மிக மெதுவாக வந்தால் அரையடி அரையடியாக வெட்டிக் குறைக்கலாம். நுரை வருகிறதே என்று அழுத்தத்தைக் குறைத்துவிடாதீர்கள். நாலைந்து நாளில் பீரிலிருந்து கேஸ் வெளியேறி, குழாயில் குமிழாக நின்று இன்னும் நுரைக்கும்.

முதல் தம்ளர் எப்படியும் கலங்கலாக வரும், அடியில் தங்கிய ஈஸ்ட் அது. அதை ஊற்றிவிட்டு இரண்டாவதைக் குடியுங்கள். பீர் தீர்ந்ததும் கெக்கைக் கழுவாமல் மூலையில் வைக்க வேண்டாம், அன்றைக்கே வெந்நீர் ஊற்றி அலசிவிடுங்கள். அலசிக் காய்ந்த பிறகு சும்மா வைப்பதானால் கொஞ்சம் கேஸ் ஏற்றி மூடி வையுங்கள். அடுத்த தடவை எடுக்கும்போது வளையத்தை இழுத்தால் கசிந்திருக்கிறதா இல்லையா என்று அப்போதே தெரிந்துவிடும்.